ஒன்றாம் எண்

மாலை ஐந்தரைக்குக் கடலூர் துறைமுகத்தில்
மூன்றாம் எண் கூண்டு ஏறியது.
ஆறு மணிக்குப் படகுப் பதிவேட்டை
வெளியூருக்கு நகல் எடுக்கச் சொன்னார்கள்.
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு படகுகள்,
என்ஜின் எண், காப்பீடு,
நனைந்து காய்ந்த அட்டைகளின் படங்கள்.

வேதமாணிக்கத்தின் போன் வழியாக
மஞ்சக்குப்பத்து சர்வருக்குள் நுழைந்து
கட்டளையைத் தட்டினேன்.
திரை முழுக்க ஏறி உட்கார்ந்துகொண்டது.
கோப்புக் கோப்பாய்ப் பெயர்கள் உருள
எனக்கென்று ஒரு வரி மிச்சமில்லை.

"கரை திரும்பாதவங்க லிஸ்ட் வேணும்"
என்றார் அவர், குடையை மடக்காமல்.

கண்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தினேன்.
நின்றது.
கொல்லவில்லை, நிறுத்தினேன்.
உப்பனாற்றுக் கொக்கு
தூக்கிய காலைத் தூக்கியபடி நிற்குமே
அப்படி.

பட்டியலில் மூன்று படகுகள்.
மூன்றாவதில் சந்திரவேல்.
என் வீட்டுக்காரன்.

விடியுமுன் கிளம்பினான்.
எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை,
தூக்குவாளிக்கு மூடி தேடிக்கொண்டிருந்தேன்.
அப்போது ஒன்றாம் எண்தான்.
ஒன்றாம் எண்ணுக்கெல்லாம்
சோனாங்குப்பத்தில் யாரும் வலையைச் சுருட்டுவதில்லை.

பி ஜி என்று தட்டி
நகலைப் பின்னால் அனுப்பினேன்.
இரண்டடி போய் மறுபடி நின்றது.
கடவுச்சொல் கேட்க வேண்டுமாம்.
பின்னாலிருந்து கேட்க அனுமதியில்லை.
கேள்வி உள்ளது முன்னால் வர வேண்டும்.
எஃப் ஜி.
வந்தது, கேட்டது, சொன்னேன்.
மறுபடி நிறுத்தி மறுபடி அனுப்பினேன், போனது.
இந்த ஒழுங்கு எங்கள் வீட்டில் கிடையாது.

துறைமுகத்துக்கு எண்கள் பதினொன்றுவரை.
இங்கே அறுபத்து நாலு.
ஒன்பது, அங்கே பெரும் அபாயம்,
இங்கே ஒரு வார்த்தை பேசவிடாமல் கொல்.
பதினைந்து இங்கே மட்டும் உண்டு,
முடித்துக்கொள்ளேன் என்று மரியாதையாக.
பதினொன்று, அங்கே செய்தித் தொடர்பு அறுந்தது.
இங்கே,
தனக்கு உரியதல்லாத நினைவைத் தொட்டுவிட்டது, விழும்.
ஒன்று, அங்கே தூரத்தில் ஏதோ கருக்கிறது.
இங்கே,
உன்னை அனுப்பியவள் அறுந்துபோனாள், நீயும் முடி.

எட்டரைக்கு மின்சாரம் போனது.
லேப்டாப்பில் நாற்பத்தொரு சதவீதம்.
நான் அறுந்தாலும் அது அறக்கூடாது.
டிஸ்ஓன் என்றொரு சொல் உண்டு,
உறவில்லை என்று எழுதிக் கொடுப்பது.
பக்கத்தில் ஒரு ஹெச் சேர்த்தால்
பேர் பட்டியலில் இருக்கும்,
ஒன்றாம் எண் மட்டும் அதன் காதுக்குப் போகாது.
சோனாங்குப்பத்து ஆள் ஆகிவிடும்.
சேர்த்தேன்.

இருமுறை அழைத்தேன்.
தொடர்பு எல்லைக்கு வெளியே என்றாள்
எல்லாருக்கும் அதையே சொல்கிறவள்.
மூன்றாம் முறை அழைக்கவில்லை.
கேட்காதவரை
நின்றிருக்கிறது என்றுதான் பொருள்.
வேதமாணிக்கம் நாற்காலியிலேயே தூங்கினார்,
வாயைத் திறந்து,
ஜன்னல் தகரம் அடிக்கும்போதெல்லாம் மூடி.

நாலு மணி.
கர்சர் விட்டுவிட்டு எரிகிறது, வேறொன்றும் இல்லை.
இன்னும் ஓடுகிறது என்று இருந்தேன்.
கை சும்மா இருக்காமல்
எண்டரைத் தட்டியது,
வெறும் எண்டர்.
முடிந்தது என்று ஒரு வரி வந்தது.
பதிவில் பார்த்தால் ஒன்று பத்துக்கே முடிந்திருக்கிறது.
முடித்துவிட்டு
நான் எதையாவது தட்டுவேன் என்று
மூன்று மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது.

போனை எடுத்தேன்.
இரண்டாவது மணியில் எடுத்துவிட்டான்.
"தேங்காய்த்திட்டுல கட்டிருக்கோம்.
பன்னெண்டுக்கே வந்தாச்சு.
நீ ட்யூட்டில இருப்பியேன்னு..."

பின்னால் யாரோ டீக்குச் சர்க்கரை கேட்கிற சத்தம்.

திட்டுவதற்கு வைத்திருந்ததெல்லாம் இருந்தது.
சாப்பிட்டியா என்றேன்.
வலை என்ன ஆச்சு என்றேன்.
மூடி கிடைக்கவில்லையே, குழம்பு கொட்டிடுச்சா என்றேன்.
ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான்,
கேட்டதற்கு மட்டும்.